மாவடுவில் உப்பைக் குறைக்காதீர்கள்

மாசி பிறந்ததும் சந்தையில் மாவடு தலைகாட்டும், பங்குனி போவதற்குள் கொட்டை கட்டிப் பெரிய காயாகிவிடும். அந்த இடைவெளியில் வாங்கி ஜாடியில் போட்டுவிட்டால் வருடம் முழுக்கத் தயிர்சாதத்துக்குக் கவலையில்லை. இந்த சமயத்தில் என்னிடம் எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "வீட்டில் பிபி இருக்கு, உப்பைப் பாதியாகக் குறைத்துப் போடலாமா?"

கூடாது. மற்ற எதையும் உங்கள் கைமணத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள், உப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். குழம்பில் போடுகிற உப்பு ருசிக்கு. மாவடுவில் போடுகிற உப்புதான் வேலையே செய்கிறது. தோலுக்கு வெளியே உப்பு நிறைய இருந்தால்தான் உள்ளே இருக்கிற நீர் வெளியே வரும், வடு சுருங்கும். அந்த நீரிலேயே உப்பும் மாங்காயின் புளிப்பும் சேர்ந்து, கெடுக்கிற கிருமிகளை வளரவிடாமல் தடுக்கின்றன. உப்பு குறைந்தால் நீர் சரியாக விடாது, பாதி வடு நனையாமல் மேலே நிற்கும், நனையாத இடத்தில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நியாயமான கணக்கு, அதை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கைத் தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், ஜாடியில் அல்ல. மூன்று வடு சாப்பிடுகிற இடத்தில் ஒன்று சாப்பிடுங்கள், மருத்துவர் வேண்டவே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, வடு வாங்குவது. உருண்டை வடுவா நீள வடுவா என்பது அவரவர் விருப்பம், எனக்கு உருண்டைதான், ஊறிய பிறகும் கடித்தால் சதை நிற்கும். அதைவிட முக்கியம், ஒன்றை நறுக்கிப் பார்த்து வாங்குவது. உள்ளே பருப்பு வெள்ளையாக, மெத்தென்று, கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். ஓடு முற்றியிருந்தால் அது வடு இல்லை, பச்சடிக்கு வைத்துக்கொள்ளலாம். பூக்கிற மாம்பூவில் மிகச் சிறு பங்குதான் பழம் வரை போகிறது, பிஞ்சிலேயே உதிர்வதுதான் அதிகம், அதனால் சந்தையில் காற்றில் விழுந்ததும் கலந்தே வரும். அடிபட்டுக் கறுத்திருந்தால் ஒன்றைக்கூட சேர்க்காதீர்கள், அந்த ஒன்றே ஜாடி முழுவதையும் கெடுத்துவிடும். கொஞ்சம் காம்போடு இருப்பதாகப் பொறுக்குங்கள், காம்பை அடியோடு கிள்ளினால் அந்த இடம் சீக்கிரம் கொழகொழத்துப் போகிறது.

கழுவித் துணியில் பரப்பி, ஈரம் துளிகூட இல்லாமல் நிழலில் உலர்த்த வேண்டும். 1 கிலோ வடுவுக்கு 150 கிராம் கல் உப்பு என்பது என் அளவு. தூள் உப்பு வேண்டாம், கட்டி பிடிக்காமல் இருக்க அதில் சேர்க்கிற பொருள் நீரைக் கலங்கலாக்கிவிடும். முதலில் ஒரு பெரிய ஸ்பூன் விளக்கெண்ணெயை வடு முழுக்கப் படுகிற மாதிரி கையால் பிசறி, பிறகு ஜாடியில் ஒரு வரிசை வடு, ஒரு பிடி உப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள் என்று அடுக்கி மேலே துணியால் கட்டிவிடுவேன். தண்ணீர் ஊற்றவே மாட்டேன். உப்பைக் கரைத்துக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் கெடாது, ஆனால் வடுவின் சொந்த நீரிலேயே ஊறுகிற வாசனை அதில் வருவதில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

முதல் நாள் பார்த்தால் ஜாடி காய்ந்தே கிடக்கும், இங்கேதான் பலர் பயந்து தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். காலையும் மாலையும் ஜாடியைத் தூக்கிக் குலுக்குங்கள், போதும். கரண்டி, கை எதுவும் உள்ளே போகக்கூடாது. மூன்று நான்கு நாளில் நீர் ஏறி வடு மூழ்க ஆரம்பிக்கும், பச்சை நிறம் மங்கிக்கொண்டே வரும், தோலில் சுருக்கம் விழும்.

அதற்குப் பிறகுதான் காரம். 1 கிலோவுக்கு 50 கிராம் கடுகு, அதே அளவு மிளகாய் வற்றல், இரண்டையும் வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்துக்கொள்ளுங்கள். கடுகை வறுக்கக்கூடாது. கடுகின் அந்த மூக்கில் ஏறுகிற நெடி, பொடித்துத் தண்ணீர் பட்ட பிறகுதான் உண்டாகிறது. அதை உண்டாக்குகிற நொதி சூட்டில் செயலிழந்துவிடும், அப்புறம் எவ்வளவு கடுகு போட்டாலும் சப்பென்றுதான் இருக்கும். அந்த நெடிக்குக் கிருமிகளை அடக்குகிற சக்தியும் உண்டு, அதனால் அது வெறும் மணத்துக்காகச் சேர்க்கிற பொருள் இல்லை. ஜாடியில் ஊறியிருக்கிற நீரையே கொஞ்சம் சாய்த்து எடுத்து, அதை விட்டு விழுதாக அரைத்து, திரும்ப ஜாடியிலேயே சேர்த்துக் குலுக்க வேண்டும். அரைத்த அன்று நக்கிப் பார்த்தால் லேசாகக் கசக்கும், நாலைந்து நாளில் அது போய்விடும்.

இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் சாப்பிடலாம், பொறுமை இருந்தால் சித்திரை கடந்து தொடுங்கள், அப்போதுதான் உள்ளே இருக்கிற பருப்பு வரை உப்பும் காரமும் இறங்கியிருக்கும். எடுக்கும்போது உலர்ந்த மரக் கரண்டி, வேண்டியதை மட்டும் ஒரு சின்ன பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டு பெரிய ஜாடியைக் கட்டி வைத்துவிடுவது நல்லது. நீர் மேலே மெல்லிய வெள்ளை ஏடு மட்டும் என்றால் வழித்து எறிந்துவிட்டு, வடு மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பாகவோ பச்சையாகவோ பஞ்சு மாதிரி பிடித்திருந்தால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான், மேலே வழித்துவிட்டால் சரியாகிவிடும் என்பது தவறு.

வடு தீர்ந்த பிறகு மிஞ்சுகிற நீரைத் தயவுசெய்து கொட்டாதீர்கள். கேரட், பச்சை மிளகாய், இஞ்சி, எது இருக்கிறதோ அதை மெல்லிசாக நறுக்கி அந்த நீரில் கொஞ்சம் விட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளே சாப்பிடலாம், இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மோர்சாதத்தில் அந்த நீரை ஒரு ஸ்பூன் விட்டுப் பிசைவதும் எங்கள் வீட்டில் உண்டு, அன்றைக்குச் சாதத்தில் தனியாக உப்பு போடமாட்டேன்.