காற்றுத் தடையைப் புறக்கணிக்க

போன மாதம் ஒரு சனிக்கிழமை, திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் உயர்தர மாணவர்களுக்கு எறியங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் இருந்த பையன் கொப்பியைத் தூக்கிக் காட்டினான்.

"டீச்சர், இந்தியா செய்த புது ஆட்லறி 48 கிலோமீற்றர் அடிச்சதாம். நான் செய்து பார்த்தேன், 82 வருது. மிச்சம் 34 கிலோமீற்றர் எங்க போச்சு?"

வேகம் செக்கனுக்கு 900 மீற்றர், கோணம் 45 பாகை, புவியீர்ப்பு 9.8 என்று போட்டிருந்தான். கணக்கில் பிழையே இல்லை. 82 கிலோமீற்றரும் சொச்சமும்தான் வரும். அந்த 34 ஐயும் காற்று தின்றுவிட்டது என்றேன். வினாத்தாளில் "காற்றுத் தடையைப் புறக்கணிக்க" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறோமே, அந்த வரியின் விலை அது. வகுப்பு முடிந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்றிரவே உட்கார்ந்து அந்தப் பீரங்கியைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

ஏடிஏஜிஎஸ் என்று பெயர். வாகனத்தின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் வகை. இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, பாரத் ஃபோர்ஜ், டாட்டா ஆகிய இரண்டு தனியார் நிறுவனங்களோடு சேர்ந்து 2013 அளவில் வேலையைத் தொடங்கியது. வாய் விட்டம் 155 மில்லிமீற்றர், குழலின் நீளம் அதைப்போல 52 மடங்கு, அதாவது எட்டு மீற்றருக்குச் சற்று மேல். இந்த வகைப் பீரங்கிகளில் வெடிமருந்து எரியும் அறை வழக்கமாக 23 லீற்றர்; இதில் 25 லீற்றர். கூடுதலாக இருக்கும் அந்த இரண்டு லீற்றர் இடத்தில் கொள்ளும் மருந்துதான் குண்டை இன்னும் வேகமாகத் தள்ளுகிறது. 2017 இல் ராஜஸ்தானின் பொக்ரான் பாலைவனத்தில் சுட்டபோது 48 கிலோமீற்றரைத் தொட்டது. அந்தக் குண்டின் அடியில் சிறிய மருந்துக் கட்டி ஒன்று இருக்கும். பறக்கும்போது அது எரிந்து, குண்டின் பின்னால் உண்டாகும் தாழமுக்கத்தை வாயுவால் நிரப்பும். தள்ளுவதற்காக அல்ல, பின்னிழுப்பைக் குறைப்பதற்காக. அடுத்த வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

48 கிலோமீற்றர் என்பது எவ்வளவு தூரம் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும் அல்லவா? வரைபடத்தில் திருகோணமலை நகரத்தில் கவராயத்தைக் குத்தி வட்டம் கீறினோம். கோடு கிட்டத்தட்டப் புல்மோட்டையில் போய் நின்றது. கந்தளாய் வட்டத்துக்குள், மூதூர் வட்டத்துக்குள், வெருகலும் வட்டத்துக்குள். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கள சோதனை என்றால் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அது அதில் ஒரு சின்னப் பகுதி. மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும், குழலுக்குள் அமுக்கம் கூடும், அதே கோணத்தில் சுட்ட குண்டு தள்ளிப்போய் விழும். குளிரில் முன்னாலேயே விழுந்துவிடும். மலை உச்சியில் காற்று மெல்லியது, தடை குறைவு. அதனால்தான் பொக்ரான் வெயிலிலும் சுட்டார்கள், சிக்கிமின் பனி மலையிலும் சுட்டார்கள். மணிக்கு 60 குண்டு சுட்டால் குழல் தாங்குமா, 18 தொன் எடையை மணலில் இழுக்க முடியுமா, பீரங்கியை இயக்கும் மின்மோட்டார்கள் இடையில் நின்றுவிடுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். 2020 செப்டெம்பரில் பொக்ரானில் சுடும்போது குழல் வெடித்து நான்கு பேர் காயப்பட்டார்கள். அதன் பிறகும் சோதனைகள் தொடர்ந்தன. 2022 இல் கடைசிச் சுற்று முடிந்தது. 2025 மார்ச்சில் 307 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. தொடங்கியதிலிருந்து பன்னிரண்டு வருடம். ஒரு பொருளை இவ்வளவு பொறுமையாகச் சோதிப்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அதையும் பிள்ளைகளிடம் சொன்னேன்.

ஆனால் நான் நின்று வாசித்த இடம் வேறு. "துல்லியம்" என்ற சொல்.

பீரங்கியின் துல்லியத்தை ஒரு வட்டத்தால் அளக்கிறார்கள். சுட்ட குண்டுகளில் பாதி விழும் வட்டம். ஆரை சின்னதென்றால் நல்ல பீரங்கி. மற்றப் பாதி வட்டத்துக்கு வெளியே விழும், அது பிழையில்லை, வரைவிலக்கணமே அதுதான். வழிகாட்டும் கருவி பொருத்தாத சாதாரணக் குண்டு 30 கிலோமீற்றருக்குப் போனால் நூறு, இருநூறு மீற்றர் விலகுவது வழமை. தூரம் கூடக் கூட வட்டமும் பெருக்கும்.

நான் பிறந்தது மூதூருக்குப் பக்கத்தில், கட்டைபறிச்சானில். 2006 இல் செல் விழத் தொடங்கியபோது எங்கள் வளவில் பங்கர் இருந்தது, மேலே தென்னங்குற்றியும் மண் மூட்டையும். அப்பா கடைசிவரை ஒன்றைத்தான் சொல்லுவார்: "குத்துற சத்தம் கேட்டவுடனே எண்ணு பிள்ளை. எண்ணிக்கொண்டே ஓடு." தூரத்தில் செல்லைச் சுடும்போது கேட்பதுதான் குத்துற சத்தம். நான் எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. பிறகு கூவல், பிறகு நிலம் அதிரும்.

இப்போது கணக்காகப் பார்த்தால் அப்பாவின் விதி எல்லா நேரமும் சரிவராது. ஒலி ஒரு கிலோமீற்றர் வர மூன்று செக்கன் எடுக்கும். செங்குத்தாக மேலே ஏறி இறங்கும் குண்டு தாமதமாக வரும், அப்போது எண்ணலாம். தாழ்ந்த கோணத்தில், செக்கனுக்கு 900 மீற்றரில் வருவது அருகிலிருந்து சுடப்பட்டால், சத்தத்தை முந்திக்கொண்டு வந்துவிடும். எண்ணத் தொடங்கவே நேரம் இருக்காது. அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் எண்ணச் சொல்லித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். எண்ணும்போது நான் அழுவதில்லை.

ஒரு நாள் விடியற்காலை ஒன்று எங்கள் பனந்தோப்பில் விழுந்தது. எதைக் குறிபார்த்தார்களோ அது எங்கள் வீடு அல்ல என்பது மட்டும் நிச்சயம். அடுத்த நாளே வெருகலுக்கு நடந்தோம், அங்கிருந்து வாகரை, பிறகு மட்டக்களப்பு. திரும்பி வரும்போது வீடு நின்றது, அப்பா இல்லை. முகாமில் காய்ச்சல் வந்து போய்விட்டார்.

இதை நான் வகுப்பில் சொல்வதில்லை. துல்லிய வட்டத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். அன்றும் அந்தப் பையன் விட்டபாடில்லை. "டீச்சர், இருநூறு மீற்றர் என்டா 48 கிலோமீற்றருக்கு அரை வீதமும் இல்லை. அது நல்ல விடைதானே?"

நல்ல விடைதான் தம்பி, என்றேன். பரீட்சையில் முழுப் புள்ளியும் கிடைக்கும்.

போன கிழமை ஊருக்குப் போயிருந்தேன். தோப்பில் இரண்டு பனைகள் இன்றும் தலையில்லாமல் நிற்கின்றன. அவற்றின் அடியிலிருந்து பங்கர் இருந்த இடத்துக்கு நடந்து பார்த்தேன். பங்கர் மூடப்பட்டு அதன்மேல் இப்போது அக்காவின் மரவள்ளி நிற்கிறது. 140 அடி வைத்தேன். என் ஓர் அடி அரை மீற்றருக்குச் சற்று மேல். நாளை சனிக்கிழமை. அந்தப் பையனிடம் இந்தத் தூரத்தைச் சொல்லி, வட்டத்தை அவனையே கீறச் சொல்லப் போகிறேன்.