அப்பாவோட பழைய கேடிஎம் ரயில் பாதையில ஒரு நடை

போன ஞாயித்துக்கிழமை காலைல அப்பாவ கூட்டிட்டு ரயில் காரிடர்ல நடக்கப் போனேன், அதான் சிங்கப்பூர்ல கேடிஎம்ங்கிற மலேசிய ரயில்வே ஓடின பழைய பாதை, இப்ப நடைபாதை. ஹில்வியூ எம்ஆர்டி (மெட்ரோ) ஸ்டேஷன்ல இறங்கி புக்கிட் தீமா பழைய ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும்தான், நாலஞ்சு கிலோமீட்டர் வரும், அதுக்கே முட்டி வலிக்குதுன்னு இழுத்தாரு, ரயில் போன பாதைப்பா மேடு பள்ளமே இருக்காதுன்னு சொல்லித்தான் கிளப்பினேன். பொய் இல்ல, ரயிலால செங்குத்தா ஏற முடியாதுல்ல, அதுக்காக அப்ப மேட்டை வெட்டி பள்ளத்தை நிரப்பி வெச்சது இப்ப நம்ம வீட்டு பெருசுங்களுக்கு தோதா போச்சு.

ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்கு இந்தக் கதை தெரியாது. தெற்குல தஞ்சோங் பகார்ல இருந்து வடக்குல மலேசிய எல்லையோரம் உட்லண்ட்ஸ் வரைக்கும் 24 கிலோமீட்டர், சிங்கப்பூருக்கு நடுவுல ஓடுச்சு, ஆனா நிலம் மலேசிய ரயில்வேயோடதா இருந்துச்சு! 1990-ல அந்த நிலத்தைப் பத்தி ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டும் அதுக்கு என்ன அர்த்தம்னு இருபது வருஷம் இழுபறி, 2010-லதான் பேசி முடிச்சாங்க. 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிட்டுப் போனாரு. அப்புறம் தண்டவாளத்தை கழட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் ஜனங்கள நடக்க விட்டாங்க, நாங்களும் போயி போட்டோ எடுத்தோம், செருப்பு முழுக்க சேறு.

அப்பாவுக்கு இந்த ரயில்னா மலேசியாவுல இருக்கிற குளுவாங் அத்தை வீடுதான். வழி நெடுக பாஸ்போர்ட் கதைய திரும்பவும் சொன்னாரு. 1998-ல சிங்கப்பூர் குடிநுழைவு சோதனைய உட்லண்ட்ஸுக்கு மாத்திடுச்சு, மலேசியாக்காரங்க தஞ்சோங் பகாரை விட்டு நகரல, அதனால ரயில் ஏறும்போதே மலேசியாவுக்குள்ள நுழைஞ்ச கணக்கு, அரை மணி நேரம் கழிச்சு உட்லண்ட்ஸ்ல இறங்கித்தான் சிங்கப்பூரை விட்டு வெளியேறணும். "அப்ப நடுவுல நான் எந்த நாட்டுல இருந்தேன்?"னு ஒவ்வொரு தடவையும் கேட்டு அவரே சிரிச்சுக்குவாரு.

என்னக் கேட்டா அந்த சண்டைக்கு நாம நன்றி சொல்லணும். நிலம் முதல்லயே நம்ம கைல இருந்திருந்தா இந்நேரம் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) ப்ளாக்கோ எக்ஸ்பிரஸ்வேயோ வந்திருக்கும். யாரும் தொட முடியாம கிடந்ததாலதான் ரெண்டு பக்கமும் மரம் இப்படி வளர்ந்து நிக்குது. 2010-லயே இயற்கைச் சங்கத்துக்காரங்க இதை பசுமைப் பாதையா வுட்ருங்கன்னு திட்டம் எழுதிக் குடுத்தாங்க, அரசாங்கமும் காது குடுத்துச்சு, அதுவே பெரிய விஷயம்.

தார் ஏன் போடலன்னு நானும் ஒரு காலத்துல திட்டினவன்தான். வாடகை சைக்கிள்ல மழை பேஞ்ச மறுநாள் வந்து சறுக்கி முழங்கை தோல் போச்சு. ஆனா தார் போட்டா சைக்கிள்காரங்க இன்னும் பறப்பாங்க, இப்பவே பெல் கூட அடிக்காம காதோரம் விர்ருன்னு போறாங்க, அப்பா ரெண்டு தடவ புல்லுல ஒதுங்கிட்டாரு. பொடிக்கல்லும் மண்ணுமா இருக்கட்டும், நடக்குறவனுக்கு கால் வலிக்காது.

வழியில ரெண்டு இரும்புப் பாலம் வரும், போட்டோ எடுக்குற கூட்டத்தை தாண்டிப் போறதே பெரிய பாடு. ரெண்டாவது பாலம் தாண்டினதும் ஸ்டேஷன். 1932-ல கட்டினது, சின்ன செங்கல் கட்டடம், சிக்னல் ரூம்ல லீவர் வரிசையா நிக்குது. அது ஒத்தைத் தண்டவாளம்ல, எதிர்ல இன்னொரு ரயில் வந்துடக் கூடாதுன்னு டிரைவர் கைல ஒரு டோக்கன் இருக்கணும், அது இருந்தாத்தான் அடுத்த துண்டுக்குள்ள போகலாம். அதை பெரிய வளையத்துல மாட்டி ஸ்டேஷன் ஆள் கைய நீட்டுவாரு, டிரைவர் ஓடுற வண்டில இருந்தே வாங்கிக்குவாரு. அப்பா பிளாட்பாரத்துல நின்னு கைய நீட்டி நடிச்சே காமிச்சாரு, பக்கத்துல நின்ன ஒரு சீனப் பாட்டி கை தட்டினாங்க, அவருக்கு வெக்கமா போச்சு. அங்க கொஞ்சம் தண்டவாளத்தை கழட்டாம வெச்சிருக்காங்க. அதைத் தாண்டும்போது மனுஷன் ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் கால வெச்சாரு.

அடுத்த வாரம் குவீன்ஸ்வே பக்கம் போகணுமாம். ரயில்வேல வேலை பாத்த நம்மாளுங்க அந்தப் பக்கம் தண்டவாளத்தோரமா சின்னதா வெச்சுக் கும்பிட்ட முனீஸ்வரன்தான் இப்ப காமன்வெல்த் டிரைவ்ல பெரிய கோயிலா இருக்காரு, அப்படியே கும்பிட்டுட்டு வரலாம்ங்கிறாரு. முட்டி வலியப் பத்தி இப்ப பேச்சே காணோம்.

போறவங்க தண்ணி எடுத்துட்டுப் போங்க. பிளாஸ்டிக் பைய கைல தொங்க விட்டுட்டுப் போகாதீங்க, குரங்கு நேரா வந்து புடுங்கிடும், எங்க கறிபாப் (கறி பஃப்) நாலும் அப்படித்தான் போச்சு.