வெள்ளிக்கிழமை நாலு மணி

2020 ஏப்ரல். என் பொறுப்பில் பதினோரு பேர், எல்லோரும் வீட்டிலிருந்து வேலை, பெரிய ஆர்டர்கள் இரண்டு ஒரே வாரத்தில் நின்றுபோயின. 'ஆட்குறைப்பாமே' என்று வாட்ஸ்அப்பில் பேச்சு கிளம்பியதும் நான் செய்த முதல் காரியமே தப்பு. "ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன். மேலிடத்திலிருந்து எனக்கே ஒரு தகவலும் வராத நேரம் அது. மூன்றாவது வாரம் இரண்டு பேரை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன்.

அதற்கடுத்த மீட்டிங்கில் ஒன்பது பேர், ஒரு கேமராகூட ஆன் ஆகவில்லை. "ஏதாவது கேக்கணுமா?" என்றேன். சத்தமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அன்று சாயங்காலம் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில், "சார், வீட்டுக் கடன் சாங்ஷன் ஆயிடுச்சு. கையெழுத்துப் போடலாமா?" என்றார். 'தாராளமா போடுங்க' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "ஜூன் வரைக்கும் சம்பளத்துக்குப் பிரச்சினை இல்லைன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் எனக்கே தெரியாது. நானா இருந்தா தள்ளிப்போடுவேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் "சரி சார், இது போதும்" என்றார்.

அதிலிருந்துதான் வெள்ளிக்கிழமை நாலு மணிக் கூட்டம் ஆரம்பித்தது. என்ன தெரியும், என்ன தெரியாது, அது எப்போது தெரியவரும், அவ்வளவுதான் பேச்சு. சொல்ல ஒன்றுமே இல்லாத வாரங்களும் இருந்தன, ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். 'எதுக்கு வெட்டியா' என்று ஒரு வாரம் விட்டுவிட்டேன், ஆறு மணிக்குள் நிறுவனத்தையே விற்கப்போவதாக வதந்தி வந்துவிட்டது!

அண்டார்க்டிகப் பயணத்தில் கப்பலைப் பனிக்கட்டியில் இழந்த குழுத் தலைவர் ஷாக்கிள்டன், 1916-இல் உதவி தேடிப் படகில் போனபோது, எலிஃபன்ட் தீவில் விட்டுப்போன 22 பேருக்கு அவருடைய துணைத் தலைவர் ஃபிராங்க் வைல்ட்தான் பொறுப்பு. தலைவர் இன்றைக்கே வந்தாலும் வரலாம் என்று சொல்லிச் சொல்லி, தினமும் காலையில் சாமான்களைக் கட்டிவைக்கச் சொல்வாராம். நாலு மாதத்துக்கு மேல் இப்படி. 'இன்றைக்கே' என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் தினம் சாமான் கட்டிய அந்த விடாப்பிடி எனக்குப் புரிகிறது.

ஆகஸ்டில் அதே வீட்டுக் கடன்காரர் அழைத்து, "வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன் சார், பில்லுல அளவைத் தப்பா போட்டு அனுப்பிட்டேன்" என்றார். நஷ்டம்தான், இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதற்குள் கேமராக்களும் ஒவ்வொன்றாக ஆன் ஆக ஆரம்பித்திருந்தன. ஒருவர் மட்டும் கடைசிவரை போடவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.