சி பிளாக் சாரின் கறுப்புப் பக்கம்

ஜூன் 1, 2025, ஞாயிறு

கிளப் ஹவுஸ் டேபிள் டென்னிஸ் மேஜையில் இன்று மூன்று கேம், மூன்றிலும் சேர்த்து ஒன்பதே பாயிண்ட். எதிரில் ஆடியது சி பிளாக் சார், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. மனிதர் நின்ற இடத்தைவிட்டு ரெண்டடி நகரவில்லை. நான் ஓடி ஓடி அடித்த பந்தெல்லாம் அவர் பேட்டில் சும்மா பட்டுத் திரும்பி வந்தது, அதை மறுபடி அடித்தால் நேராக நெட்டில். நெட் உயரம் 15.25 சென்டிமீட்டர், என் சாண் அளவுகூடக் கிடையாது.

"சார் என்னமா ஸ்பின் போடறார்" என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். கோச்சிங் போகிற என் மகள் (ஏழாம் வகுப்பு) விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரு ஸ்பின்னே போடலம்மா. அது உன் ஸ்பின்தான், உனக்கே திரும்பி வருது."

சுத்தமாகப் புரியவில்லை.

ஜூன் 4, புதன்

இரவு தோசை வார்க்கும்போது பாடம் நடந்தது. அடிப்பதற்கெல்லாம் எனக்கு ஒரே பெயர் ஷாட், கொஞ்சம் வேகமாக அடித்தால் ஸ்மாஷ். அவள் தோசைத் திருப்பியைப் பிடுங்கிக்கொண்டாள். தோசைக்கு அடியில் விடுகிற மாதிரி பேட்டைச் சாய்த்துப் பந்தின் அடிப்பக்கத்தைத் தேய்த்து முன்னால் தள்ளினால் புஷ். நாங்கள் காலேஜில் "கட் பண்றான்" என்று சொன்னது இதைத்தான், பந்து பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகும். அதையே மேஜையைவிட்டுத் தள்ளி நின்று, வேகமாக வருகிற பந்தை மேலிருந்து கீழே வெட்டி அனுப்பினால் சாப்.

டிரைவுக்கும் லூப்புக்கும் வித்தியாசம் பிடிபட ரொம்ப நேரம் ஆனது. டிரைவில் பேட் பந்தை நேராக அடிக்கிறது, லூப்பில் பந்தின் பின்பக்கத்தைக் கீழிருந்து மேலே உரசிக்கொண்டு போகிறது. ரெண்டிலும் டாப் ஸ்பின், அதாவது பந்து முன்பக்கமாகச் சுற்றுவது, உண்டு, லூப்பில் பல மடங்கு அதிகம். அந்தச் சுழற்சிதான் பந்தைக் கீழே இழுத்து மேஜைக்குள் விழவைக்கிறது. காதை வைத்துக் கண்டுபிடி என்றாள்: டிரைவ் "டக்" என்று கேட்கும், நல்ல லூப்பில் சத்தமே பெரிதாக வராது. நெட்டை ஒட்டி விழுகிற குட்டைப் பந்தை மணிக்கட்டால் சுண்டினால் ஃபிளிக். பேக்ஹேண்டில், அதாவது புறங்கை முன்னால் வர அடிக்கும்போது, பந்தின் பக்கவாட்டையும் சேர்த்து வழித்தெடுத்தால் அதே ஃபிளிக் சிக்கிட்டா ஆகிவிடும். வாழைப்பழம் மாதிரி வளைந்து போவதால் வாழைப்பழ பிராண்டின் பெயராம். அதற்குள் ஒரு தோசை கருகிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

பேட்தான் காரணம் என்று தோன்றியது, மனது கேட்கவில்லை, கடைக்குப் போனேன். பிளேடு எது, ரப்பர் எது என்றார் கடைக்காரர். பேட்டின் மரப்பகுதி பிளேடு, அதன்மேல் ஒட்டுவது ரப்பர், ரெண்டும் தனித்தனியாக வாங்கி ஒட்டுகிற சமாச்சாரம் என்பதே அப்போதுதான் தெரியும். கைப்பிடியில் எஃப்எல் என்று போட்டிருந்ததைக் கம்பெனி பெயர் என்று நினைத்துக்கொண்டேன், அது ஃபிளேர், அதாவது நுனியில் விரிந்த பிடியாம், எஸ்டி என்றால் நேர்ப்பிடி. கார்பன் அடுக்கு வைத்த பிளேடு, அடியில் அதிகபட்ச கனத்துக்கு ஸ்பாஞ்ச் வைத்த "மேக்ஸ்" ரப்பர் என்று அவர் சொன்னதை வாங்கி வந்தேன். புஷ் செய்தால் பந்து வாட்டர் கூலர் வரைக்கும் போகிறது.

மகள் பேட்டைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். கார்பன் எவ்வளவு வைத்தாலும் பிளேடின் கனத்தில் 85 சதவீதம் மரமாக இருக்க வேண்டும் என்பது விதி, ஸ்பாஞ்சும் ரப்பரும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த எல்லையை ஒட்டி நிற்பதைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். எனக்குத் தேவை ஐந்து அடுக்கு மரப் பிளேடு, 1.8 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச். மறுபடி போய் கெஞ்சிக் கூத்தாடி மாற்றி வந்தேன், கையிலிருந்து ஐந்நூறு ரூபாய் போனது போனதுதான்.

ஜூன் 14, சனி

ஸ்பாஞ்ச் பற்றித் தேடியதில் பம்பாய் வந்து நின்றது. 1952 உலக சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்தது. ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்து ஆண்கள் ஒற்றையரில் பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதுவரை பெரும்பாலோர் ஆடியது மரத்தில் புள்ளி புள்ளியாக மேடுள்ள ரப்பர் ஒட்டிய பேட், அடித்தால் சத்தம் வரும், அந்தச் சத்தத்தை வைத்தே பந்தின் வேகத்தைக் கணிப்பார்கள். ஸ்பாஞ்சில் சத்தம் இல்லை. பாவம், எதிராளிகள் நான் சி பிளாக் சாரிடம் முழித்த மாதிரிதான் முழித்திருப்பார்கள். ரப்பர் கனத்துக்கு வரம்பு வந்தது 1959ல்.

ஜூன் 17, செவ்வாய்

மேட்சுக்கு முன்னால் எதிராளிக்குப் பேட்டைக் காட்டியே ஆக வேண்டுமாம், விதியே இருக்கிறதாம். இத்தனை நாள் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்று கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "தாராளமா பாருங்கம்மா" என்று நீட்டினார்.

சிவப்புப் பக்கம் என்னுடையது மாதிரியே வழவழ. கறுப்புப் பக்கம் முழுக்கப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒல்லியாக, நீளமாக, விரலால் தடவினால் வளைகிறது. லாங் பிம்பிள்ஸ்.

விஷயம் இவ்வளவுதான். சாதாரண ரப்பர் பந்தைக் கவ்விப் பிடித்து, வந்த சுழற்சியை நிறுத்தி, அடிப்பவரின் சுழற்சியை ஏற்றும். இந்தப் புள்ளிகளுக்குப் பிடிப்பு கிடையாது, பந்து பட்டதும் வளைந்து கொடுத்துவிடும். அதனால் பந்து சுற்றுகிற திசை மாறுவதில்லை, போகிற திசை மட்டும் மாறுகிறது. நான் முன்னோக்கிச் சுற்றிவிட்ட பந்து என்னை நோக்கித் திரும்பும்போது பின்னோக்கிச் சுற்றுகிறது. ஆக என் டாப் ஸ்பின் எனக்கே கட் பந்தாக வருகிறது. நான் கட் போட்டால் லேசான டாப் ஸ்பினாக வரும், இல்லையென்றால் ஸ்பின்னே இல்லாமல் வரும். மகள் அன்றைக்கே சொன்னாள், என் மரமண்டைக்குப் பதினாறு நாள் ஆனது.

ரெண்டு பக்கமும் ரெண்டு நிறம் வைப்பதும் இதற்காகத்தான். முன்பெல்லாம் ஒரே நிறத்தில் ரெண்டு வித ரப்பர் ஒட்டிக்கொண்டு எந்தப் பக்கத்தால் அடித்தான் என்றே தெரியாமல் குழப்புவார்களாம். 1986லிருந்து ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. 2021லிருந்து சிவப்புக்குப் பதில் பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பு என்று வைத்துக்கொள்ளலாம், கறுப்பு மட்டும் மாறாது. இந்திய வீராங்கனை மணிகா பத்ராவின் பேக்ஹேண்டிலும் லாங் பிம்பிள்ஸ்தான், 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம் வாங்கியவர். நான் தோற்றதில் தப்பே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஆட வேண்டும், பந்து 2.7 கிராம், காற்றில் அலையும். ஜூன் மாதத்துச் சென்னையில் அது ஒரு தண்டனை. வியர்வை ரப்பரில் சொட்டினால் பந்து வழுக்குகிறது, துண்டும் கையுமாக ஆடினேன்.

இந்த முறை லூப்பே போடவில்லை. கறுப்புப் பக்கத்துக்கு ஸ்பின் இல்லாத மொட்டைப் பந்தாக அனுப்பினேன், கடன் வாங்க ஒன்றும் இல்லாததால் அவரிடமிருந்தும் மொட்டையாகத்தான் வந்தது. இல்லையென்றால் புஷ், அது மிதந்து வந்ததும் ஒரு டிரைவ். முதல் கேம் 11-8 எனக்கு! ரெண்டாவது அவருக்கு. மூன்றாவதில் 9-10, என் சர்வீஸ். கட் சர்வீஸ் போட்டேன், அவர் பேக்ஹேண்டில் வாங்கினார், கறுப்புதானே, லேசாக வரும் என்று ஓங்கி அடித்தேன்.

நெட்.

"பேட்டைத் திருப்பினேனே, பாக்கலையாம்மா?" என்றார் சார். சிவப்புப் பக்கத்தால் ஒரு கனமான கட் புஷ் போட்டிருக்கிறார், விரலுக்கிடையில் எப்போது சுழற்றினார் என்றே தெரியவில்லை.

"அதுக்குப் பேரு ட்விடில்" என்றாள் பக்கத்தில் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"ஏண்டி முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"