கூடு பாய்ந்தவனும் ஆறு வயதுப் பிள்ளையும்: 23 அத்தியாயங்கள் எழுதிய அனுபவம்

ஐந்து மாதமாக இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஒரு வெப் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று 23ஆம் அத்தியாயம் முடிந்தது. விபத்தில் இறந்த ஒருவனின் உயிர் இன்னொருவன் உடலில் கண் விழிக்கிறது. அந்த உடலுக்கு உரியவன் பிள்ளையைக் கைநீட்டி அடிக்கும் தகப்பன். வீட்டில் ஆறு வயது மகன் கவின். வந்தவன் அவனுக்கு நல்ல அப்பாவாக இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வகைக் கதையைச் சீனத்தில் 'சுவான்யுவே' என்கிறார்கள். கடந்து போவது என்று பொருள். ஜப்பானியர்களுக்கு 'இசெகாய்', அதாவது வேற்றுலகம். நமக்கோ கூடுவிட்டுக் கூடு பாய்தல் பாட்டி காலத்துச் சொல். திருமூலர் வரலாறே அதுதானே! மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் கதறுவதைப் பொறுக்காமல் அவன் உடலில் புகுந்தார் சிவயோகியார். பசுக்களை வீடு சேர்த்தார். மூலனின் மனைவி நெருங்கி வந்தபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லி மடத்துக்குப் போய்விட்டார். அந்த வாசலில் ஒரு குழந்தையும் நின்றிருந்தால்? பல நாள் என்னைத் தூங்கவிடாத இந்தக் கேள்வியிலிருந்துதான் நாவல் தொடங்கியது.

முதலில் எழுதிய எட்டு அத்தியாயங்களையும் தூக்கிப் போட்டேன். இந்த வகை நாவல்களின் வழக்கப்படி, பழையவனின் நினைவுகள் எல்லாம் நாயகனுக்கு வந்துவிடுவதாக எழுதியிருந்தேன். போதாததற்கு, வீடியோ கேம் போல நாயகனுக்குப் புள்ளி கொடுக்கும் ஒரு 'சிஸ்டம்' வேறு. பிள்ளை சிரித்தால் பத்துப் புள்ளி. விறுவிறுப்பாகத்தான் ஓடியது. ஆனால் திரும்பப் படித்தபோது கவின் பிள்ளையாகவே தெரியவில்லை, புள்ளி வாங்கும் இடமாகத் தெரிந்தான். இரண்டையும் எடுத்துவிட்டேன்.

நினைவு இல்லையென்றதும் கதைக்கு உயிர் வந்தது. முன்பு என்ன நடந்தது என்று யாரும் நாயகனுக்குச் சொல்வதில்லை. அவன்தான் வீட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். சமையலறையில் கரண்டி விழுகிறது. திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே கவின், "நான் இல்லை" என்கிறான். அவனுடைய செருப்பு எப்போதும் வாசலைப் பார்த்தபடியே இருக்கிறது, கால் நுழைத்தால் ஓடிவிடலாம் என்பது போல. இந்த இரண்டையும் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரம் வீணாகவில்லை.

17ஆம் அத்தியாயத்தை ஆறு முறை எழுதினேன். மன்னிப்புக் கேட்கும் காட்சி. அடித்தவன் வேறு ஒருவன். "அது நான் இல்லை" என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைக்கு அந்த உண்மையால் ஒரு பயனும் இல்லை. அதே முகம், அதே குரல், அதே கை. தான் செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொண்டால்தான் அவன் அப்பாவாக முடியும் என்பது நான்காவது முறை எழுதும்போதுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை நீளமாகப் பேசிக்கொண்டிருந்தவனைத் தரையில் உட்காரவைத்தேன். அப்போதுதான் கண்கள் ஒரே உயரத்துக்கு வந்தன. பேச்சும் மூன்று வாக்கியமாகச் சுருங்கியது.

"உன்னை அடித்தது தப்பு. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. இனி இந்தக் கை உன்மேல் விழாது."

கவின் கேட்டான்: "நாளைக்குமா?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. எழுதிக்கொண்டே போகையில் அவனாகக் கேட்டுவிட்டான். அன்றிரவு அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை.

பிறகு வந்த அத்தியாயங்களில் தினமும் படுக்கும் நேரத்தில் அதே கேள்வி, அதே பதில்: "நாளைக்கும்." கதை நகரவில்லையே என்று பயந்தேன். என் தம்பி படித்துவிட்டு அந்த இடங்களைக் குறைக்கச் சொன்னான். குறைக்கவில்லை. ஒரு முறை சொன்னதும் நம்பிவிடுகிற பிள்ளை கதைக்கு வசதி. பயந்து வளர்ந்த பிள்ளை அப்படி நம்பாது.

23இல் கவினின் கீழ்வரிசை முன்பல் ஆடுகிறது. வாயைத் திறந்து, நாக்கால் பல்லைத் தள்ளிக்காட்டியபடி அவனாகவே வந்து அப்பாவின் முழங்காலில் சாய்கிறான். இரவு அந்தக் கேள்வியைக் கேட்காமலே தூங்கிவிடுகிறான். நாயகன்தான் விளக்கை அணைக்காமல் காத்திருக்கிறான்.

செருப்பை மட்டும் இன்னும் திருப்பி வைக்கவில்லை. அதற்கு 40ஆம் அத்தியாயமாவது ஆகும் என்று நினைக்கிறேன்.