பிடுங்காமல் விட்ட புல்

சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள். அன்று அவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்வதில்லை. அந்த ஓய்வுநாளும் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். நவம்பரில் வேல்ஸ் நாட்டில் நாலேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது என்பதால், வெள்ளிக்கிழமை காலையிலேயே தலைநகர் கார்டிஃபிலிருந்து ரயிலேறி, மெர்த்தர் டிட்வில் ஊரின் ஜெப ஆலயத்தையும் அதைச் சார்ந்த கல்லறைத் தோட்டத்தையும் இருட்டுவதற்குள் தரிசித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். "பூசை நின்றுபோன கோயிலுக்கா யாத்திரை போகிறீர்கள்?" என்று முதல்நாள் இரவு நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை; எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை.

டாஃப் ஆற்றின் பள்ளத்தாக்கோடு மேலேறும் ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மெர்த்தரை அடைகிறது. பயணிகளுக்கான தடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வேல்ஸ் மொழியில் 'மெர்த்தர்' என்ற சொல், தன் நம்பிக்கைக்காக உயிர்விட்டவரையும் அவரது நினைவிடத்தையும் குறிக்கும். பிரகான் என்ற சிற்றரசரின் மகளாகிய டிட்வில் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே கொல்லப்பட்டாள் என்பது மரபு. ஆக, இரும்பாலைகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இவ்வூருக்குத் தலபுராணம் வாய்த்துவிட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பகுதியில் டவ்லைஸ், கவார்த்வா, பிளிமத், பெனிடாரன் என நான்கு பெரிய இரும்பாலைகள் இங்கே எழுந்தன. 1804 பிப்ரவரி 21 அன்று ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் நீராவி எஞ்சின் பெனிடாரனிலிருந்து பத்து டன் இரும்பை இழுத்துக்கொண்டு தண்டவாளத்தின்மேல் ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வேல்ஸிலேயே பெரிய ஊர் இதுதான். வாரக்கூலி வாங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே இடத்தில் சேர்ந்தபோது, முதுகில் மூட்டையும் கையில் கணக்குப் புத்தகமுமாக யூத வியாபாரிகளும் வந்தார்கள். துணி விற்றார்கள், கடிகாரம் பழுதுபார்த்தார்கள், சன்னல்களுக்குக் கண்ணாடி போட்டார்கள், அடகுக்கடை வைத்தார்கள். தவணைக்குப் பொருள் கொடுத்து வாரந்தோறும் வசூலித்தார்கள்.

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்பது நம்மிடையே உள்ள பழமொழி. இவர்களோ கோயில் இல்லாத ஊரில் குடியேறி, பின்னர் கோயிலுக்கு ஆள் சேர்த்தவர்கள். யூத வழிபாட்டுக்கு முதல் தேவை கட்டடமன்று, எண்ணிக்கை. பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான், 'மின்யான்' எனப்படும் அந்த நிறைவு ஏற்பட்டால்தான், யூத மறைநூலான தோராவின் சுருளைச் சபையில் விரித்து வாசிக்கலாம். இறந்தவருக்காகச் சொல்லப்படும் 'கதீஷ்' மன்றாட்டையும் சொல்லலாம். ஒன்பது பேர் இருந்தால் அவரவர் தனித்தனியே வேண்டிக்கொண்டு கலைய வேண்டியதுதான். மெர்த்தரில் அந்தப் பத்துப் பேர் நிலையாகச் சேர்ந்து சபையாக அமைந்த ஆண்டு 1848. 1850களில் ஊருக்குள் ஒரு சிறிய ஜெப ஆலயம் எழுந்தது. சபை பெருகவே அவ்விடம் போதாமல், மலைச்சரிவில் 1877 வாக்கில் இன்றுள்ள ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். ஆலயமாகவே கட்டப்பட்டு வேல்ஸில் இன்றும் நிற்பவற்றுள் இதுவே மிகப் பழையது.

ரயில் நிலையத்திலிருந்து சர்ச் தெருவைப் பிடித்து ஏறினேன். முழங்காலைச் சோதிக்கும் ஏற்றம் அது. தெரு முடியும் இடத்தில், சரிவை மூடிக்கொண்டு, இருபுறமும் சிறு கோபுரங்களும் நடுவே கூர்ந்த முகப்புமாக, மூடிய கதவுகளோடு ஆலயம் நின்றது. சாம்பல் நிறக் கல் சுவர். வாசலுக்கு ஏறிச் செல்லக் கற்படிகள். கோட்டையைப் போன்று தோன்றுகிறதே தவிர, வழிபாட்டிடமாக உடனே தோன்றவில்லை. தொழுகைக்கூடத்தை மேல்தளத்தில் அமைத்து, கீழே பிள்ளைகள் எபிரேயம் படிக்க அறைகள் ஒதுக்கியிருந்தார்கள். அன்று உள்ளே செல்ல இயலவில்லை. வாசற்படியில் நின்றே கைகூப்பினேன். அந்த மரபில் கைகூப்பும் வழக்கம் இல்லை என்று தெரிந்தும் கை தானாகக் குவிந்தது.

அப்புறந்தான் அண்ணாந்து பார்த்தேன். முகப்பின் உச்சியில் ஒரு டிராகன் அமர்ந்திருக்கிறது. வேல்ஸ் நாட்டுக் கொடியில் உள்ள அதே டிராகன்தான். உருவம் செதுக்கி வணங்குதல் ஆகாது என்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று என்பதால், யூத ஆலயத்தின் தலையில் டிராகனைக் காண்பது திகைப்பூட்டியது. அது வணங்குவதற்கு வைக்கப்பட்டதன்று என்பது தெளிவு. வந்தேறிகளாக வந்தவர்கள் தாங்கள் நிலைத்த மண்ணின் முத்திரையைத் தங்கள் ஆலயத்தின் உச்சியிலேயே ஏற்றிவைத்தார்கள் என்றுதான் நான் அதை வாசித்தேன்.

நான் நெடுநேரம் அண்ணாந்து நிற்பதைக் கண்டு, கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் தள்ளுவண்டிப் பையை நிறுத்திவிட்டு, "என்ன கண்ணு, பூட்டியிருக்கிறதா?" என்றார். பேச்சு வளர்ந்தது. தம் பாட்டி சிறுமியாக இருந்தபோது சனிக்கிழமைதோறும் யூத வீடுகளுக்குப் போய் அடுப்பு மூட்டிக் கொடுப்பாராம். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவது யூதர்களுக்கு விலக்கு. நிலக்கரி ஊரின் குளிரில் நெருப்பின்றி இருக்கவும் முடியாது. வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை மாலையே கணப்படுப்பில் காகிதம், சுள்ளி, அதன்மேல் கரி என்று அடுக்கிவைத்துவிடுவார். காலையில் சிறுமி கதவைத் தள்ளி உள்ளே வந்து, ஒரே குச்சியில் பற்றவைத்து, கரி சிவக்கும்வரை குந்தியிருந்துவிட்டுப் போவாள். ஓய்வுநாளில் காசைத் தொடக் கூடாது என்பதால் அவளுக்குரிய பென்னி முதல்நாளே மாடத்தில் வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு துண்டுக் கேக்கும் இருக்கும். "பாட்டி கேக்குக்காகத்தான் போனாள்" என்று சிரித்தார் மூதாட்டி. அந்த வீடுகளின் ஓய்வுநாளைக் காத்தவர்களில் ஒரு கிறிஸ்தவச் சிறுமியும் உண்டு என்று எனக்குப் பட்டது.

ஆயினும் அண்டை அயலார் எப்போதும் அடுப்பு மூட்ட மட்டும் வந்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்ட பின் அந்நாட்டில் யூதர்கள்மீது வன்முறை மூண்டு, தப்பியோடியவர்களில் சிலர் இந்தப் பள்ளத்தாக்குகளையும் வந்தடைந்தார்கள். மெர்த்தரில் பிறந்த ஜான் ஹியூஸ் என்ற இரும்புத் தொழில் வல்லுநரோ, 1870 வாக்கில் எதிர்த்திசையில் ரஷ்யப் பேரரசுக்குச் சென்று, இன்று தோனெட்ஸ்க் என்று அழைக்கப்படும் நகருக்கு அடித்தளம் இட்டிருந்தார். அவர் பெயரால் யூசோவ்கா எனப்பட்ட அந்நகரில் 1892இல் காலராக் கலகம் வெடித்தபோது யூதர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. வேல்ஸுக்கு வந்தவர்களையும் அந்த நிழல் முழுதாக விடவில்லை. 1911 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை இரவு, மெர்த்தருக்குக் கிழக்கேயுள்ள ட்ரெடீகரில் கூட்டம் ஒன்று யூதர்களின் கடைகளை உடைக்கத் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் அருகிலுள்ள ஊர்களுக்கும் அது பரவியது. உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் படையை அனுப்பினார். உயிர்ச்சேதம் இல்லை. வேலைநிறுத்தமும் வீட்டு வாடகையும் தவணைக் கடனும் காரணம் என்பாரும், யூத வெறுப்பே காரணம் என்பாரும் வரலாற்றாசிரியர்களில் உண்டு. கண்ணாடி உடைந்த கடைக்குள் பிள்ளைகளோடு பதுங்கியிருந்தவருக்கு அந்த வேறுபாடு அவ்வளவாகப் புலப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

சபையைக் கரைத்தது கலகம் அன்று, வேலையின்மை. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் மெர்த்தரில் சுமார் 400 யூதர்கள் இருந்தார்கள். 1930இல் டவ்லைஸ் ஆலையின் பெரும்பகுதி மூடப்பட்டது. கூலி வராத வீட்டில் தவணை வசூலாகாது. தவணை வசூலாகாத கடை நடக்காது. மக்கள் கார்டிஃபுக்கும் லண்டனுக்கும் பெயர்ந்தார்கள், படித்த பிள்ளைகள் திரும்பி வரவில்லை. பத்துப் பேரைச் சேர்ப்பதே பாடாகிவிட்ட நிலையில், 1983இல் கட்டடம் விற்கப்பட்டது. அதன்பின் கிறிஸ்தவ மையமாகவும் உடற்பயிற்சிக் கூடமாகவும் இருந்து, 2006க்குப் பிறகு வெறுமையாகக் கிடந்தது. 2019இல் யூதப் பாரம்பரியத்துக்கான அறக்கட்டளை அதை வாங்கி, வேல்ஸ் யூதர்களின் வரலாற்றைக் காட்டும் மையமாக மாற்றும் பணியில் இறங்கியது.

மூதாட்டி விடைபெற்றுச் சென்றபின், தெருவோரச் சுவரின் கல்லிடுக்கில் தழைத்திருந்த புல்லை என் விரல்கள் பற்றின. பழைய கோயிலுக்குப் போனால் மதிலில் முளைத்த செடியைப் பிடுங்குவது எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். உழவாரப் பணி என்று வளர்ந்த கை. வேரோடு இழுக்கப்போன நொடியில், யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் படித்த விதி நினைவுக்கு வந்தது. இடிந்துபோன ஜெப ஆலயத்தைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தக் கூடாது, அதன் கூரையில் கனிகளைக் காயவைக்கக் கூடாது, ஏனெனில் பாழடைந்த நிலையிலும் அதன் புனிதம் அதனிடமே இருக்கிறது என்கிறது அது. அங்கே புல் முளைத்தால், அதைக் கண்டு நெஞ்சு நோக வேண்டும் என்பதற்காக, பிடுங்காமல் விட வேண்டுமாம். சபையார் முறைப்படி விற்ற ஆலயத்துக்கு இந்த விதி பொருந்துமா என்று வாதிடுவோர் இருப்பார்கள். அதே நூலில் ஆலயத்தை விற்பதற்கும் விதிகள் உண்டு. நான் வாதிடவில்லை. கையை எடுத்துக்கொண்டேன். நண்பரின் கேள்விக்கு அந்தச் சுவரோரத்தில்தான் பதில் கிடைத்தது.

நண்பகல் கடந்து, கெவன் கோய்ட் என்ற அடுத்த ஊருக்குப் பேருந்தில் சென்றேன். 1866இல் கட்டப்பட்ட, பதினைந்து வளைவுகள் கொண்ட பழைய ரயில் பாலம் அங்கே ஆற்றின்மேல் வளைந்து நிற்கிறது. அதைக் கடந்து பிரெக்கன் சாலையில் நடந்தால் மலையோரத்தில் யூதர்களின் கல்லறைத் தோட்டம். மெர்த்தருக்கு மட்டுமன்றி, சுற்றிலுமிருந்த சிற்றூர்களின் யூதர்களுக்கும் இதுவே அடக்கத்தலமாக இருந்தது. சபை கலைந்தாலும் இது கலையவில்லை; யூத மரபில் கல்லறை இறந்தவருக்கே என்றென்றும் உரியது.

நடுகற்களில் ஒரு பாதி எபிரேயம், மறு பாதி ஆங்கிலம். ஒரு கல்லில், விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து ஆசி வழங்கும் இரு கைகள் செதுக்கப்பட்டிருந்தன. குருக்கள் மரபினர் ஒருவரின் கல்லறை அது. மழையிலும் பாசியிலும் பெயர் தேய்ந்துவிட்டது, கைகள் தேயவில்லை. அங்கே பூ வைப்பதில்லை. வந்து சென்றதற்கு அடையாளமாகக் கூழாங்கல் வைப்பார்கள். பல கற்களின் தலையில் ஒன்றும் இல்லை. எனக்குக் கண்ணில் பட்ட சிறு கற்களைப் பொறுக்கி, வெறுமையாக இருந்தவற்றுள் கைக்கு எட்டிய சிலவற்றில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் வைக்கக் கல்லும் போதவில்லை, பகலும் போதவில்லை.

மூன்றரைக்கே மலை நிழல் தோட்டத்தை மூடிவிட்டது. கல்லறையிலிருந்து வெளியேறும்போது கைகழுவும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு. கழுவிய கையைத் துடைக்காமல் விடுவோரும் உண்டு. போத்தலில் மிஞ்சியிருந்த தண்ணீரை இரு கைகளிலும் ஊற்றிக்கொண்டு, ஈரம் காயுமுன் கையுறைக்குள் விடாமல், குளிரில் விரித்தபடியே பிடித்துக்கொண்டு பேருந்துக்காக நின்றேன்.