ஒன்றும் ஆகாத எலிகள்

பிப்ரவரி 3

காலையில் முதல் வேலை செல் வளரும் டிஷ் பார்ப்பது. ஐபிஎஸ் செல், அதாவது தோல் போன்ற சாதாரணச் செல்லைக் கரு நிலைக்குத் திருப்பி எடுத்த செல். அதன் காலனிகள் நெருக்கமாக, விளிம்பு கூர்மையாக வளர்ந்திருக்கின்றன. ஓரத்தில் சில மட்டும் தளர்ந்து பரவுகின்றன. அவை வேறு செல்லாக மாறத் தொடங்கிவிட்டவை. பைப்பெட் நுனியால் சுரண்டி எடுத்துவிட்டு, செல்லுக்கு உணவான திரவத்தை, மீடியத்தை, மாற்றினேன். இதைத் தினமும் செய்யாவிட்டால் நல்ல காலனிகளும் கைவிட்டுப் போய்விடும்.

பிப்ரவரி 5

ஆய்வு மாணவி முகம் வாடி வந்து நின்றாள். அவள் நீக்கிய மரபணு இல்லாமலே எலிகள் நன்றாகப் பிறந்து, வளர்ந்து, குட்டியும் போட்டுவிட்டன. "ஒண்ணுமே ஆகல மேடம். இதை வச்சு என்ன எழுதுறது?"

நாளைக்குப் பேசலாம் என்றேன். ஐபிஎஸ் செல்லை முதலில் உருவாக்கிய யமனகாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பிப்ரவரி 6

ஷின்யா யமனகா முதலில் எலும்பு அறுவை மருத்துவர். ஆராய்ச்சிக்கு வந்து, அமெரிக்காவில் கொழுப்பைக் குறைக்கலாம் என்று எலியின் கல்லீரலில் ஒரு மரபணுவைத் தூண்டினார். எலிகளுக்குக் கல்லீரலில் புற்று வந்தது. அதன் காரணத்தைத் துரத்தியதில் நாட்1 என்ற மரபணு கிடைத்தது. கரு ஸ்டெம் செல் என்பது உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய கருவின் செல். நாட்1 இல்லாத கரு ஸ்டெம் செல்கள் வேறு செல்லாக மாறத் திணறின. கொழுப்பைத் தேடிப் போனவர் ஸ்டெம் செல்லுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

ஜப்பான் திரும்பிய பின் எஃப்பிஎக்ஸ்15 மரபணுவை நீக்கினார்கள். அது கரு ஸ்டெம் செல்லில் விழித்திருக்கும் மரபணு. அந்த எலிகளுக்கும் ஒன்றுமே ஆகவில்லை! ஆனால் அந்த மரபணு இருந்த இடத்தில் மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதனால் அந்த எலியின் சாதாரணத் தோல் செல் மருந்தில் சாகும்; கரு நிலைக்குத் திரும்பினால் மட்டும் பிழைக்கும். எலி நலமாக இருந்ததே பெரிய வசதியாகிவிட்டது.

மாணவி நோட்டை எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 9

இன்று அவளே கேட்டாள்: தோல் செல்லைக் கரு நிலைக்குத் திருப்பும் மரபணுக்களைத் தேடியபோது, 24 மரபணுவிலிருந்து 4-க்கு எப்படி வந்தார்கள்?

செய்தவர் யமனகா ஆய்வகத்தின் கசுதோஷி தகஹாஷி. அந்த எலியின் செல்லில் ஒவ்வொன்றாகச் செலுத்தியபோது எதுவும் வரவில்லை. 24-ஐயும் ஒன்றாகச் செலுத்தியதும் காலனிகள் வந்தன. பிறகு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதி 23-ஐச் செலுத்தினார். எதை விட்டால் காலனி வராமல் போகிறதோ அது தேவையானது. அப்படி 10 தேறின. அந்தப் பத்திலும் அதே கழித்தல். கடைசியில் நின்றவை ஆக்ட்3/4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக். 2006-ல் எலி, 2007-ல் மனிதச் செல். எனக்கு இந்தத் துறையில் இதைவிட அழகான சோதனை தெரியாது.

பிப்ரவரி 10

டிஷ், மீடியம். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 14

சி-மிக் புற்றைத் தூண்டும் மரபணு. அந்தக் கவலை இன்னும் எங்களோடு இருக்கிறது. 2014-ல் கோபேயில் மசாயோ தகஹாஷி குழு, ஒரு மூதாட்டியின் தோல் செல்லிலிருந்து வளர்த்த விழித்திரைப் படலத்தை அவர் கண்ணிலேயே பொருத்தியது. இரண்டாம் நோயாளியின் செல்களில் மரபணு மாற்றங்கள் தெரியவந்ததும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதை நான் பெரிதாக மதிக்கிறேன். நோயாளி காத்திருக்கும்போது வேண்டாம் என்று சொல்வது லேசான காரியமில்லை.

பிப்ரவரி 17

மாணவியின் எலிகளை வைத்துக்கொள்கிறோம். அவற்றின் தோல் செல்களை எடுத்து வளர்த்து, குழாய்களில் பெயர் எழுதி, உறைய வைக்கத் தொடங்கிவிட்டாள். அடுத்த வாரம் நான்கு மரபணுக்களையும் செலுத்திப் பார்க்கப் போகிறோம்: அவள் நீக்கிய மரபணு இல்லாமல் காலனி வருகிறதா என்று.